முதலில் நீர், பிறகு படகு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், படகின் பின்பலகையில் வெளியே பூட்டும் வெளியிணைப்பு இயந்திரத்தின் பராமரிப்பைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து, எந்தப் படகை வாங்குவது என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஐந்துக்கு இங்கே விடையளிக்கிறேன். வாசகர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் குறிப்பிட்டுள்ளேன்.

கேள்வி: வங்கிச் சேவையிலிருந்து ஓய்வுபெற்ற நான் வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் வசிக்கிறேன். மனைவி, இரு பிள்ளைகள், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர் என நாங்கள் ஏழு பேர். வார இறுதிகளில் பொல்கொட ஏரியில் ஓடவும், தூண்டில் போடவும், கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் கல்கிசைக் கரையோரமாகச் சிறிது தூரம் போய் வரவும் ஒரு படகு வாங்க விரும்புகிறேன். மீனவர் பயன்படுத்தும் 18 அடி பைபர் படகும் 25 குதிரைவலு இயந்திரமும் போதும் என்கிறார் நண்பர் ஒருவர். மைத்துனரோ, ஆழமான 'வீ' வடிவ அடிப்பாகமும் 60 குதிரைவலு இயந்திரமும் கொண்ட உல்லாசப் படகுதான் தகும் என்கிறார். யார் சொல்வது சரி? (வெள்ளவத்தை)

பதில்: இருவரும் தத்தம் மனதில் உள்ள படகைப் பற்றிச் சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் தாங்கள் எந்த நீரில் ஓடப்போகிறீர்கள் என்பதை இருவருமே கேட்கவில்லை. தங்கள் கடிதத்தின்படி பார்த்தால், பத்து நாட்களில் ஒன்பது நாள் தங்கள் படகு பொல்கொடவில்தான் நிற்கும். மிகுதி ஒரு நாளுக்காக மற்ற ஒன்பது நாளும் பொருந்தாத படகை வைத்துக்கொண்டு துன்பப்படுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

படகின் அடிப்பாகத்தை முதலில் பாருங்கள். தட்டையான அடி கொண்ட படகு, நிறுத்தி வைத்துத் தூண்டில் போடும்போது ஆடாமல் நிற்கும். ஆழம் குறைந்த இடத்திலும் போகும். சிறிய இயந்திரமே அதற்குப் போதும். அலை எழுந்தால் மட்டும் ஒவ்வோர் அலையிலும் அறைந்து அறைந்து செல்லும், முதுகெலும்பு தாங்காது. ஆழமான 'வீ' அடி அலையைப் பிளந்துகொண்டு மெத்தெனப் போகும். ஆனால் நிற்கும்போது பக்கவாட்டில் உருளும், ஆழமான நீர் கேட்கும், எரிபொருளும் கேட்கும். ஏரியில் பேரப்பிள்ளைகள் ஒரு பக்கமாக ஓடிவந்து மீனைப் பார்க்கும் கணத்தில் இந்த உருளல் எத்தகையது என்பது விளங்கும்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்கு அதன் நீளமே வேக எல்லையை விதிக்கிறது. நீர்மட்டத்தில் படகின் நீளம் எத்தனை அடியோ அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் எல்லை வேகம் கடல்மைல் கணக்கில் கிடைக்கும். 16 அடிக்கு இது 5.4, அதாவது மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர். அதற்கு மேல் போக வேண்டுமாயின் படகு நீரின்மேல் ஏறிச் சறுக்க வேண்டும். அங்கேதான் குதிரைவலுவும் எரிபொருள் செலவும் பாய்ந்து ஏறுகின்றன. நான்கு அடிப்பு ('போர் ஸ்ட்ரோக்') இயந்திரம் முழு வேகத்தில் எரிக்கும் பெற்றோலை மதிப்பிட, குதிரைவலுவின் பத்தில் ஒரு பங்கை மணிக்கு இத்தனை அமெரிக்கக் கலன் (ஒரு கலன் சுமார் 3.8 லீற்றர்) என்று எண்ணிக்கொள்வது வழக்கம். அப்படிப் பார்த்தால் 40 குதிரைவலுவுக்கு மணிக்குச் சுமார் 15 லீற்றர், 60 குதிரைவலுவுக்கு 22 லீற்றருக்கு மேல். மைத்துனர் எரிபொருளுக்கும் பணம் தருவாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நண்பர் சொல்லும் மீன்பிடிப் படகின் குறை வேறு. அது ஒடுக்கமாகக் கட்டப்பட்டது. இருவர் வலையோடு கரையிலிருந்து தள்ளிச் சென்று திரும்புவதற்கே அது வடிவமைக்கப்பட்டது. ஏழு பேர் உட்கார்ந்து கதைத்துக்கொண்டு போவதற்கு அன்று. 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு அமெரிக்கக் கரையோரக் காவற்படை ஓர் எளிய விதியைச் சொல்கிறது: நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்கி 15 ஆல் வகுத்தால் ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை வரும். 18 அடி நீளமும் ஐந்தரை அடி அகலமும் உள்ள படகுக்கு விடை 6.6, அதாவது ஆறு பேர். அதுவும் அமைதியான நீரில்தான். தாங்கள் ஏழு பேர். 'ஒருவர்தானே கூட' என்ற எண்ணம் நம் நாட்டுக் களப்புகளில் உயிர்களைப் பறித்திருக்கிறது. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் ஆட்களை மறுகரைக்கு ஏற்றிச்செல்லும் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்ததை நாம் மறக்கவில்லை.

ஆகவே நான் சொல்லும் படகு இரண்டுக்கும் இடைப்பட்டது. 17 அடி நீளமும், ஆறேமுக்கால் அடிக்குக் குறையாத அகலமும், ஆழம் குறைந்த 'வீ' அடியும், இருக்கைகளுக்கு அடியில் மிதவை நுரையும், நிழற்கூரையும் உள்ள பைபர் படகு. அதற்கு 30 அல்லது 40 குதிரைவலு நான்கு அடிப்பு இயந்திரம். கல்கிசைக் கடலை மறந்துவிடுங்கள். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் இந்தப் பக்கக் கடல் சிறு படகுகளுக்கு ஆகாது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரையான அமைதியான நாட்களிலும், பொல்கொடவிலிருந்து பாணந்துறை ஆற்றுவாய் வழியாக வெளியேறுவதே பெரிய சவால். ஆற்றுவாய்களில் மணல்மேட்டின் மீது அலை உடையும் இடத்தில் அனுபவசாலிகளே தடுமாறுவர். கடலைப் பார்க்க ஆசை எழும் நாளில், கடலை அறிந்தவரின் படகை வாடகைக்கு அமர்த்திக்கொள்வது மலிவு.

இன்னும் இரண்டு விடயங்கள். தொடர்மாடி வீட்டில் வசிக்கும் தாங்கள் படகை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று எழுதவில்லை. ஏரிக்கரையில் கூரையின்றிக் கட்டிவைத்தால், 100 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஓர் இரவில் அந்த அளவுப் படகுக்குள் அரைத் தொன்னுக்கு மேல் நீர் சேரும். காலையில் படகின் அணியம் (முன்முனை) மட்டுமே தெரியும். கொழும்பில் அத்தகைய மழை அரிதன்று. எனவே படகின் விலையோடு, கூரையுள்ள தரிப்பிடத்தின் மாத வாடகையையும் நல்ல மூடுசீலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். மற்றையது, இயந்திரத்தின் தண்டு நீளம். இயந்திரம் பூட்டும் பின்பலகை 15 அங்குல உயரமாயின் குறுந்தண்டு, 20 அங்குலமாயின் நெடுந்தண்டு. இதைப் பார்க்காமல் மலிவாகக் கிடைத்தது என்று நெடுந்தண்டு இயந்திரமொன்றைக் குட்டையான பலகையில் பூட்டி, ஓராண்டு முழுவதும் என் படகு ஏன் நீரை வாரி இறைக்கிறது என்று தெரியாமல் திண்டாடிய மேதை நான்தான்.

கேள்வி: என் கணவரும் அவருடைய தம்பியும் 18 அடி பைபர் படகில் தொழில் செய்கிறார்கள். மண்ணெண்ணெய்ச் செலவு தாங்கவில்லை. கடன் எடுத்துப் பலநாள் படகு ஒன்று வாங்கினால் கரை சேரலாம் என்கிறார் தம்பி. கணவருக்கு மனமில்லை, மூன்றரைத் தொன் ஒருநாள் படகு போதும் என்கிறார். எது நல்லது? (நீர்கொழும்பு)

பதில்: கணவரின் தயக்கம் அறிவுடையது. பலநாள் படகு என்பது பெரிய படகு மட்டுமன்று, வேறொரு தொழில். 32 அடிக்கு மேற்பட்ட படகு, உள்ளிணைப்பு டீசல் இயந்திரம், குளிர்காப்பு மீனறை, தொன் கணக்கில் ஐஸ், வாரக்கணக்கில் நீரும் உணவும், ஐந்தாறு பேர் கொண்ட குழு ஆகியவை தேவை. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்கூட்டிப் பெருந்தொகை வெளியே போகும். மீன் கிடைக்காத ஒரு பயணம் வந்தால், பைபர் படகில் அது ஒரு நாள் நட்டம். பலநாள் படகில் மாத நட்டமும் கடன் தவணையும் ஒன்றாக வந்து நிற்கும்.

அதன்மேல் கடப்பாடுகளும் உண்டு. ஆழ்கடலில் தொழில் செய்வதற்குத் தனி அனுமதிப்பத்திரம், படகு இருக்கும் இடத்தை அறிவிக்கும் செய்மதிக் கண்காணிப்புக் கருவி, பிடிப்புப் பதிவேடு ஆகியவை வேண்டும். இவற்றைத் தொல்லை என்று எண்ணும் உரிமையாளர்கள் பலர். ஆனால் ஆழ்கடற் படகுகள் மீதான கட்டுப்பாடு போதாது என்று 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை விதித்ததும், அது நீங்க 2016 வரை காத்திருக்க நேர்ந்ததும் நீர்கொழும்பில் வசிக்கும் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்தில் விலை விழுந்தபோது யார் தாங்கினார்கள் என்பதை அயலில் விசாரியுங்கள்.

மூன்றரைத் தொன் படகைப் பொறுத்தவரை, டீசல் உள்ளிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெய் இயந்திரத்தைவிட நெடுங்காலம் உழைக்கும். செய்யும் வேலைக்கு எரிக்கும் எண்ணெயும் குறைவு. 28 அடிப் படகு பாரம் தாங்கும், காற்றிலும் ஓரளவு நிமிர்ந்து நிற்கும். ஆனால் அதைக் கரையில் இழுத்துப் போட முடியாது. களப்பிலோ துறைமுகத்திலோ ஆழமுள்ள இடத்தில் கட்ட வேண்டும். நீர்கொழும்புக் களப்பின் ஆழம் குறைந்த இடங்களைத் தாங்களே அறிவீர்கள். வேகமும் குறைவு: பைபர் படகு ஒரு மணித்தியாலத்தில் எட்டும் மீன்தளத்துக்கு இது இரண்டு மணித்தியாலம் எடுக்கும். காலை ஏலத்துக்கு முந்தி வருபவருக்கே விலை என்றால் அதுவும் ஒரு செலவுதான்.

எண்ணெய்ச் செலவுதான் உண்மையான நோய் என்றால், அதற்கு மருந்தாகப் படகை மாற்ற வேண்டியதில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் உயர்ந்தபோது, பெற்றோலைவிட மண்ணெண்ணெய் மலிவு என்ற பழைய கணக்கின் பெரும்பகுதி கரைந்துவிட்டது. இன்றைய விலைகளை வைத்து, இருக்கும் படகிலேயே அளவான நான்கு அடிப்புப் பெற்றோல் இயந்திரத்தைப் பூட்டினால் என்ன மிச்சமாகும் என்று கணக்கிடுங்கள். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: நான்கு அடிப்பு இயந்திரம் அதே வலுவுள்ள இரண்டடிப்பு இயந்திரத்தைவிடப் பாரமானது. 40 குதிரைவலு அளவில் வேறுபாடு 20 கிலோவுக்கும் மேல். படகின் பின்பக்கம் தாழ்ந்து நீர் ஏறாமல் எண்ணெய்க் கலனையும் பனிப்பெட்டியையும் முன்னோக்கி நகர்த்த வேண்டும்.

எதையும் வாங்குமுன், அடுத்த இரண்டு மாதங்களுக்கு ஒரு கொப்பியில் ஒவ்வொரு பயணத்தையும் எழுதச் சொல்லுங்கள்: எரித்த எண்ணெய், போன தூரம், பிடித்த மீன், விற்ற விலை, காற்றால் போக முடியாத நாட்கள். போக முடியாத நாட்களே அதிகமாயின் பெரிய படகில் பயன் உண்டு. போன நாட்களில் மீன் இல்லை என்பதே நிலையாயின், அதே கடலுக்குப் பெரிய படகில் போவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒருவேளை யாராவது மலிவாக இழுவைமடிப் படகு (கடலடியை வலையால் வாரி இழுக்கும் படகு) தருவதாகச் சொன்னால் வாங்கிவிடாதீர்கள். 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இயந்திரப் படகால் அடிமடி இழுப்பதைத் தடை செய்துள்ளது.

கேள்வி: பழைய 19 அடி பைபர் படகொன்று இயந்திரத்தோடு விற்பனைக்கு வந்துள்ளது. புதிதாகத் தீந்தை பூசிப் பளபளவென்று இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? (முகத்துவாரம்)

பதில்: புதுத் தீந்தையைக் கண்டதும் எனக்கு முதலில் ஐயம்தான் எழுகிறது. படகைக் கவிழ்த்து வைத்து, ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றால் அடிப்பாகம் முழுவதையும் ஒரு சாண் இடைவெளியில் தட்டுங்கள். நல்ல பைபர் கணீரென்று ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்து உள்ளே நீர் புகுந்த இடம் மொத்தென்று ஒலிக்கும். தீந்தைக்கு அடியில் சிறு கொப்புளங்கள் தெரிந்தால் ஊசியால் ஒன்றைக் குத்திப் பாருங்கள். வினாகிரி நாற்றமுடைய நீர் கசிந்தால் பைபர் நீரை உறிஞ்சத் தொடங்கிவிட்டது.

அடுத்தது இயந்திரம் பூட்டும் பின்பலகை. பெரும்பாலான படகுகளில் பைபருக்குள் ஒட்டுப்பலகைதான் இருக்கும். ஆணித்துளை வழியே நீர் போய் அது உள்ளுக்குள் உக்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. இயந்திரத்தைத் தூக்கிய நிலையில் அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து உடல் பாரத்தை அதன்மேல் போடுங்கள். பலகை வளைந்தாலோ ஓரங்களில் கீறல் விரிந்தாலோ அதைக் காட்டி விலையைக் குறைக்கக் கேட்காதீர்கள்; வணக்கம் சொல்லி விடைபெறுங்கள். அந்தப் பலகை கடலில் பெயர்ந்தால் இயந்திரம் மட்டுமல்ல, படகும் போகும்.

இயந்திரத்தைப் பார்க்கப் போகும்போது சொல்லாமல் காலையிலேயே போங்கள். தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது இலகுவில் இயங்குவதில்லை என்று விற்பவருக்குத் தெரியும் என்பது பொருள். இயங்கும்போது குளிரூட்டும் நீர் பின்பக்கத் துளையால் தடையின்றிப் பீறிட வேண்டும். பற்சில்லுப் பெட்டியின் எண்ணெயைச் சிறிது வடித்துப் பாருங்கள். தேநீர்ப் பால்போல் வெளிறியிருந்தால் உள்ளே உப்புநீர் புகுந்துள்ளது. உருளைகளின் அழுத்தத்தை மெக்கானிக் ஒருவரைக் கொண்டு அளந்து, ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்கு மேல் வேறுபட்டால் விலகிக்கொள்ளுங்கள்.

பத்திரங்களைக் கடைசியாகச் சொன்னாலும் முதலில் கேட்க வேண்டியவை அவைதாம். மீன்பிடிப் படகாயின் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின் கீழ் அது பதிவுசெய்யப்பட்டிருக்க வேண்டும். படகில் எழுதிய இலக்கமும் பத்திரத்தில் உள்ள இலக்கமும் ஒன்றா, படகின் மீது வங்கிக் கடன் உண்டா, இயந்திரத்தின் தொடரிலக்கத் தகடு சுரண்டப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தகடு இல்லாத இயந்திரத்தை இனாமாகத் தந்தாலும் வேண்டாம்.

கேள்வி: பதினொரு வயது மகன் பாய்ப்படகு பழக ஆசைப்படுகிறான். என்ன படகு வாங்கலாம்? (கொழும்பு 7)

பதில்: இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். அந்த வயதினருக்கென்றே ஒப்டிமிஸ்ட் என்ற சிறு பாய்ப்படகு உண்டு, 2.3 மீற்றர் நீளம், 35 கிலோ பாரம், ஒரே பாய். 15 வயது வரை அதில்தான் உலகெங்கும் பிள்ளைகள் போட்டியிடுகிறார்கள். ஆனால் மூன்றாண்டில் மகன் அதைவிட வளர்ந்துவிடுவான். பாய்ப்படகுக் கழகம் ஒன்றில் சேர்த்து, அவர்களுடைய படகில் ஒரு பருவம் ஓடவிடுங்கள். முதல்முறை கவிழ்ந்து நீரில் விழுந்த மறுவாரமும் அவன் தானாகவே போகக் கேட்டால், பழைய படகொன்றைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: ஊர்காவற்றுறையில் அப்பப்பாவின் மரவள்ளம் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பனைமரங்களுக்கு நடுவே கிடக்கிறது. புதுப் படகு வாங்குவதைவிட, அதற்கு மேலால் பைபர் போர்த்து, சிறிய இயந்திரம் பூட்டி, விடுமுறையில் போய் ஓடலாம் என்று எண்ணுகிறேன். சரியா? (கொட்டாஞ்சேனை)

பதில்: வள்ளத்தைக் காப்பாற்ற நினைப்பது சரி, பைபர் போர்ப்பது தவறு. நெடுநாள் கிடந்த மரத்துக்குள் ஈரம் இருக்கும். அதன்மேல் பைபரை மூடினால் ஈரம் வெளியேற வழியின்றி மரம் உள்ளுக்குள் உக்கும். மரம் நனைந்து விரிந்தும் காய்ந்து சுருங்கியும் அசையும், பைபர் அசையாது. இரண்டு பருவத்தில் போர்வை பிரிந்து, மேலே அழகும் கீழே பொடியுமாக நிற்கும். 1960களில் நோர்வேயின் உதவியோடு காரைநகரில் சீ-நோர் தொடங்கியது முதல், பைபர் நம் கரைகளில் மரத்தின் இடத்தை மெல்லப் பிடித்துக்கொண்டது. பைபரை நான் பழிக்கவில்லை. பைபர் படகு பைபராகவே கட்டப்படட்டும், மரவள்ளம் மரமாகவே இருக்கட்டும் என்பதே என் நிலை.

ஊரில் பழைய ஓடாவி (படகு கட்டும் தச்சர்) ஒருவர் இருந்தால் அவரை அழைத்துப்போய் முதலில் ஏராவையும் (வள்ளத்தின் முதுகெலும்பான அடிமரம்), பலகைகள் அதனோடு சேரும் இடத்தையும் கூரிய குத்தூசியால் சோதிக்கச் சொல்லுங்கள். ஊசி அரை அங்குலம் இலகுவாக இறங்கினால் வள்ளத்தை வீட்டு முற்றத்தில் நினைவாக வைத்துக்கொண்டு, பைபர் படகு வாங்குங்கள். ஏரா உறுதியாக இருந்து பலகைகள் மட்டும் பழுதாயின் அவற்றை மாற்றலாம். பொருத்துகளில் நீர் புகாதபடி பஞ்சும் குங்கிலியமும் இட்டு அடைக்கும் கலப்பத்து வேலையைச் செய்யலாம். இயந்திரம் 8 குதிரைவலுவுக்கு மேற்படாமல் இருக்கட்டும். அந்த வள்ளம் பாய்க்கும் சவளுக்கும் (துடுப்பு) கட்டப்பட்டது. வேகமாகத் தள்ளினால் ஆணிகள் தளரும்.

வேலை முடிந்ததும் நேரே கடலுக்குப் போகாதீர்கள். கரையோரத்தில் ஆழம் குறைந்த நீரில் மூன்று நான்கு நாட்கள் கட்டிப்போடுங்கள். முதல் நாள் ஓட்டைச் சருவம்போல் நீர் ஏறும். பயப்பட வேண்டாம், மரம் ஊறி விரிந்து பொருத்துகள் தாமாக அடைபடும். நான்காம் நாளும் இறைத்துக்கொண்டே இருக்க நேர்ந்தால் மட்டும் ஓடாவியை மீண்டும் அழையுங்கள். சோளகம் (தென்மேல் காற்று) எழுமுன், பங்குனி சித்திரையில் கடல் படுத்திருக்கும் காலத்துக்கு வேலை முடியுமாறு இப்போதே அவரிடம் நாள் கேட்டு வைப்பது நல்லது.